நைரியின் பயமும் இரண்டு நாட்டு முட்டைகளும்

நைரி டகிட் எங்கள் கோழிப் பண்ணைக்கு வந்த அன்றே மூன்றாம் ஷெட்டுக்குள் கால் வைக்க மறுத்துவிட்டாள். பூட்ஸ் மாட்டி, தலைக்கு வலைத்தொப்பி போட்டு, கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் இரண்டு ஷெட்டுகளுக்குள்ளும் சாதாரணமாகப் போய் வந்தவள்தான். மூன்றாவதின் வாசலுக்கு வந்ததும் மூக்கை ஒரு முறை உறிஞ்சினாள். அப்படியே இரண்டடி பின்னால் போனாள்.

“இதுக்குக் கீழ குழி இருக்கா?” என்று என்னிடம் கேட்டாள்.

“இருக்கு. இது பழைய ஷெட்டு. மத்த ரெண்டுலயும் எச்சம் பெல்ட்டுல காய்ஞ்சு வெளிய வந்துடும். இதுல கூண்டுக்குக் கீழயே விழுந்து, தண்ணியோட சேர்ந்து குழம்பாக் கெடக்கும். லாரி வந்து உறிஞ்சிட்டுப் போகும்.”

“அப்ப நான் உள்ள வரல.”

பண்ணைக்காரர் கிளைவ் சீபெல் எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“என்னம்மா, நாத்தம் ஒத்துக்கலையா? உங்க நியூசிலாந்துக் கோழியெல்லாம் பன்னீராவா போகுது?”

நைரி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன். கிளைவ் பார்க்கவில்லை.

எங்கள் பண்ணை பிட்ஸ்வொர்த்துக்குத் தெற்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. சுற்றிலும் சோளம். நான் முட்டை தரம் பிரிக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். கலியாணமாகி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து அதே வேலைதான். பெயர் கெய்லீன். நைரி வந்தது முட்டை பொறுக்க அல்ல, காற்றைப் பிடிக்க. டூவூம்பாவிலிருந்து பிரையனி காலவே என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் எங்கள் பண்ணையிலும், கடலுக்கு அந்தப் பக்கம் நியூசிலாந்தில் வைக்காட்டோ பக்கத்துப் பண்ணைகளிலும் ஓர் ஒப்பீடு செய்துகொண்டிருந்தாள். ஒரு முட்டை கோழியின் வயிற்றிலிருந்து கடைக்குப் போவதற்குள் பூமியைச் சூடாக்கும் வாயு எவ்வளவு மேலே போகிறது, எங்கள் நாட்டில் எவ்வளவு, அவர்கள் நாட்டில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. தீவனம், கரண்ட், லாரி எல்லாம் அதில் சேரும். எச்சத்திலிருந்து எழும் வாயுவை மட்டும் நேரில் வந்து பிடிக்க வேண்டும். இரண்டு நாட்டுப் பண்ணைகளிலும் வேலை பார்த்தவள் என்பதால் அதற்கு நைரியை வைத்துக்கொண்டாள்.

அந்த ஒப்பீட்டைக் கண்டு எங்கள் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம் இருந்தது. நாம்தான் மோசம் என்று வந்துவிட்டால் பெரிய கடைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ, பழைய ஷெட்டை மூடச் சொல்வார்களோ, மூடினால் யாரை வீட்டுக்கு அனுப்புவார்களோ. கிளைவ் அந்தப் பயத்தைக் கிண்டலாக மாற்றிக்கொள்வார். டீ நேரத்தில் நைரி வந்து உட்கார்ந்தால் போதும்.

“கெய்லீன், பிஸ்கட்டை மறைச்சு வை. அவங்க ஊர்ல கண்டுபிடிச்சதுன்னு சொல்லிடுவாங்க. பாவ்லோவா கேக்கையே விடலையே.”

“கிரிக்கெட்டுல எங்களுக்குக் கடைசிப் பந்தைத் தரையில உருட்டி விட்டு ஜெயிச்ச ஆளுங்க நீங்க,” என்பாள் நைரி. “உங்க ஷெட்டுலயும் அளக்குறப்ப என்னத்தை உருட்டுவீங்களோன்னு கண்ணை மூடாம பாத்துக்கிட்டிருக்கேன்.”

கிளைவ் தொடையில் தட்டிச் சிரிப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவர் மனைவி ரோஸ்லின் தலையை ஆட்டிக்கொண்டே அவளுக்கு இன்னொரு கோப்பை ஊற்றுவாள்.

மூன்றாம் ஷெட்டு விஷயத்தில் பிரையனி அவளை வற்புறுத்தவில்லை. குழிக்குள்ளிருந்து ஒரு குழாயைச் சுவருக்கு வெளியே இழுத்து, அங்கிருந்தே ஊசியால் காற்றை உறிஞ்சிப் பைகளில் அடைக்கும்படி செய்துகொடுத்தாள். நெஞ்சில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு சின்ன அலாரப் பெட்டியும் கொடுத்தாள். குழிப் பக்கம் போகும் யாரும் அது இல்லாமல் போகக்கூடாது என்றாள். கிளைவுக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் அதை அலுவலக அறை ஆணியில் மாட்டிவிட்டார்.

குழாய் வெளியே இருந்தும் நைரி அங்கே தனியாக நிற்க மாட்டாள். ஒரு நாள் மதியம், வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, பையைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். வேலை முடிந்ததும் நிழலில் போய் உட்கார்ந்தோம்.

“என்னைப் பைத்தியம்னு நெனைக்கிறியா?” என்று கேட்டாள்.

“இல்லப்பா. எலிக்கு நான் பயப்படுறேன். ஆளுக்கு ஒண்ணு.”

“எங்க அப்பா அங்க நியூசிலாந்துல, தரனாக்கியில மாட்டுப் பண்ணை வெச்சிருந்தாரு. சாணிக் குழி இருந்துச்சு, மேல மூடி போட்டது. ஒரு நாள் கீழ ஏதோ அடைச்சுக்கிச்சு. அப்பா ஏணியில இறங்கினாரு. இறங்கினவரு அப்படியே மடிஞ்சு விழுந்தாரு. சத்தம்கூட இல்ல. என் அண்ணன் கிரயம் பாத்துட்டு, அப்பான்னு கத்திட்டு இறங்கினான். அவனும் விழுந்தான்.”

நான் தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“நானும் ஓடினேன், கெய்லீன். இறங்கத்தான் ஓடினேன். அங்க ஒரு ஹோஸ் பைப் கெடந்துச்சு. கால்ல மாட்டி விழுந்து மண்டை ஒடைஞ்சு மயங்கிட்டேன். எல்லாரும் என்னை புத்திசாலின்னு சொன்னாங்க. புத்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த பைப் கெடக்கலைன்னா மூணாவது பொணம் நான்தான்.”

அவள் கையுறையைக் கழற்றி முழங்காலில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், தெரியுமில்ல? நாத்தம் அடிக்கிற வரைக்கும் பரவாயில்ல. திடீர்னு நாத்தம் நின்னுச்சுன்னா, காத்து சுத்தமாயிடுச்சுன்னு நெனைக்காத. உன் மூக்கு செத்துப்போச்சுன்னு அர்த்தம். அடுத்து நீ.”

அன்றிலிருந்து நானும் கெட்டேன். முப்பது வருஷமாக முகர்ந்து பழகிய பண்ணைதான். இருந்தாலும் மூன்றாம் ஷெட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நாற்றம் வருகிறதா என்று நின்று பார்ப்பேன். வந்தால் நடையை எட்டிப் போடுவேன். காற்றுத் திசை மாறி நாற்றம் வராவிட்டால் ஓட்டமாகவே ஓடுவேன்.

ஜனவரியில் குழியைக் காலி செய்ய லாரி வந்தது. எங்கள் பக்கம் ஜனவரி கோடை, அந்த வருஷம் மழையும் இல்லை. குழியின் மேல் எச்சம் தடித்த ஆடையாகக் காய்ந்து கிடந்தது. உறிஞ்சுவதற்கு முன் கலக்கும் மோட்டாரைப் போட்டு அதை உடைத்துக் கலக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். பிரையனிக்கு அது தெரியும். முந்தின நாளே எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாள்: விசிறிகள் எல்லாம் ஓட வேண்டும், கதவுகள் திறந்திருக்க வேண்டும், மோட்டார் ஓடும்போது யாரும் ஷெட்டிலோ பம்பு அறையிலோ இருக்கக்கூடாது. கிளைவும் தலையாட்டினார்.

அன்று காலை நைரி கலக்குவதற்கு முன் பிடிக்க வேண்டிய காற்றைப் பிடித்துவிட்டுச் சுவரோரம் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தண்ணீர் கொண்டு போனேன். மோட்டார் ஓடத் தொடங்கியது. சுவருக்குப் பின்னால் ஏதோ பெரிய மிருகம் புரண்டு படுப்பதுபோல் ஒரு சத்தம். உடனே அந்த நாற்றம் வந்தது. கண் எரிந்தது. நைரியின் நெஞ்சில் இருந்த பெட்டி கீச்சிட்டது.

“வா, இந்தப் பக்கம் வா, காத்து வர்ற பக்கம்,” என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

ஷெட்டின் மூலையைச் சுற்றி வந்தபோது, பம்பு அறைக்கு எதிரே ரோஸ்லின் நின்றிருந்தாள். அந்த அறை குழியை ஒட்டி, தரைமட்டத்துக்குக் கீழே. சில படிகள் இறங்க வேண்டும். கதவு திறந்திருந்தது.

“பம்பு அடைச்சுக்கிச்சுன்னு உள்ள போனாரு,” என்றாள் ரோஸ்லின் எங்களைப் பார்த்து. “ஒரு நிமிஷம்னு சொன்னாரு. கூப்பிட்டா பதில் சொல்ல மாட்டேங்கிறாரு. கிளைவ்! ஏங்க! கேக்குதா?”

வாசலிலிருந்தே தெரிந்தது. கடைசிப் படிக்குப் பக்கத்தில், பம்பு மேடையில் கிளைவ் குப்புறக் கிடந்தார். ஒரு கை இன்னும் குழாயைப் பிடித்திருந்தது.

ரோஸ்லின் அலறிக்கொண்டு படியை நோக்கிப் பாய்ந்தாள். அவள் முதல் படியை மிதிப்பதற்குள் நைரி பின்னாலிருந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்தாள்.

“விடுடி! விடு என்னை! அவரு அங்க கெடக்குறாரு!”

“விட மாட்டேன்.”

“செத்துடுவாருடி! விடு!”

“நீயும் செத்துடுவ. விட மாட்டேன். கெய்லீன், கரண்ட் பெட்டி! கலக்குற மோட்டாரை நிறுத்து! ஓடு!”

எனக்குக் கால் வரவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். மரம் மாதிரி நின்றேன். நைரி மறுபடி கத்தினாள். அது மனிதக் குரல்போல் இல்லை. அந்தக் குரலுக்குப் பயந்துதான் ஓடினேன். வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து மோட்டாரை அணைத்தேன். விசிறிகள் பாதிதான் ஓடிக்கொண்டிருந்தன, மீதியையும் போட்டேன். அதற்குள் பிரையனி லாரிப் பக்கமிருந்து ஓடி வந்துவிட்டாள். போனில் அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டே வந்தாள். மூச்சுக்கருவியுடன் தீயணைப்புக்காரர்கள் ஊரிலிருந்துதான் வரவேண்டும் என்றார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது நைரி ரோஸ்லினின் மேல் படுத்துக் கிடந்தாள். ரோஸ்லின் அவள் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ரத்தம் வந்தது. நைரி கண்ணை இறுக மூடியிருந்தாள், பிடியை மட்டும் தளர்த்தவில்லை. “கிரயம், வேண்டாம், கிரயம், வேண்டாம்,” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

பம்பு அறைக்குப் பின்பக்கம், காற்று வருகிற திசையில், குழாய் இறக்குவதற்கு ஒரு தகரக் கதவு உண்டு. பிரையனியும் நானும் அதைக் கடப்பாரையால் நெம்பித் திறந்தோம். அவள் தன் அலாரப் பெட்டியைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். அது அலறியது. காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதைப்போல் எதற்கும் நான் காத்திருந்ததில்லை. வெளிக்காற்று உள்ளே அடித்தது, விசிறிகள் எதிர்ப்பக்கம் இழுத்தன. பெட்டி அலறிக்கொண்டே இருந்தது. முன்பக்கத்தில் ரோஸ்லினின் குரல் கம்மிப்போய் வெறும் காற்றாக வந்தது. கிளைவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

அலறல் விட்டுவிட்டு வரத் தொடங்கியது. பிறகு நின்றது.

“தலையை உள்ள விடாத. கையை மட்டும்,” என்றாள் பிரையனி.

எச்சம் வழிக்கிற நீளக் கம்பு ஒன்று இருந்தது, நுனியில் கொக்கி வைத்தது. அதை அவருடைய வேலையுடுப்பின் தோள்பட்டையில் மாட்டினோம். ஒரு தடவை நழுவிற்று. இரண்டாவது தடவை பிடித்தது. லாரி டிரைவரும் வந்து சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் இழுத்து அவரை அந்தச் சின்ன வழியாக வெளியே கொண்டு வந்தோம். முகம் சாம்பல் நிறம். பிரையனி அவரை வேலியோரம் மல்லாக்கப் போட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள். கிளைவ் இருமியபோது, நான் சோளக்காட்டுப் பக்கம் திரும்பி வாந்தியெடுத்தேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் நைரியைத் தேடினேன். பம்பு அறை வாசலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்சட்டை நனைந்திருந்தது. கைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டிருந்தன, ரோஸ்லின் இன்னும் அதற்குள் இருப்பதுபோல.

“உசுரு இருக்கு,” என்றேன். “மூச்சு விடுறாரு.”

“அந்தக் கதவை மூடு, கெய்லீன்,” என்றாள்.

கிளைவ் பிழைத்தார், ஆனால் பழைய கிளைவ் இல்லை. சொற்கள் தேடித் தேடி வந்தன. தலைவலி வந்தால் இருட்டறையில் படுத்துக்கொள்வார். மூக்கில் எந்த வாசனையும் ஏறவில்லை.

அதற்குப் பின் வந்த வாரங்கள்தான் நைரிக்கு இன்னும் மோசமாயின. ரோஸ்லின் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவமனையில் வைத்து எல்லோரிடமும், “என் புருஷன் கண்ணு முன்னாடி கெடக்க, அவ என்னை மிதிச்சுப் பிடிச்சு வெச்சா,” என்று அழுதிருக்கிறாள். ஊரில் பேச்சு கிளம்பியது. மதுக்கடையில் யாரோ, அந்த நியூசிலாந்துக்காரி தன் உயிருக்குப் பயந்து மனிதனைச் சாக விட்டுவிடப் பார்த்தாள் என்று சொன்னானாம். ஒரு காலையில் அவள் தங்கியிருந்த காரவான் வண்டிவீட்டின் கதவில் அழுகிய முட்டைகளை யாரோ எறிந்திருந்தார்கள். நான் தேய்த்துக் கழுவினேன். அந்த வாசனைக்கு நைரி வெளியே வரவே இல்லை. உள்ளே கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க சொல்றது நெசம்தானே,” என்றாள். “நான் பயந்துதான் பிடிச்சேன். தைரியத்துல இல்ல. நீங்கல்லாம் கம்பை விட்டு இழுத்தீங்க. நான் எழுந்து வந்து ஒரு கை பிடிக்கல.”

“நீ அவளை விட்டிருந்தா நாங்க ரெண்டு பேரை இழுத்திருக்கணும். ரெண்டாவது ஆளுக்கு நேரம் இருந்திருக்காது.”

“அவளுக்கு அது தெரியாதே.”

போய்விடலாமா என்று யோசித்தாள். பிரையனி, “நீ போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா எங்க போனாலும் ஊர் சொன்னதையும் சேத்துத்தான் தூக்கிட்டுப் போவ,” என்றாள். நைரி தங்கினாள். ஒவ்வொரு நாளும் பண்ணை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கலாமா வேண்டாமா என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். தரம் பிரிக்கும் அறை ஜன்னலிலிருந்து எனக்குத் தெரியும். பிறகு இறங்குவாள்.

இலை உதிர்காலம் பிறந்த பிறகு, ஒரு மதியம் டீ நேரத்தில் ரோஸ்லின் எங்கள் அறைக்கு வந்தாள். நைரி எழுந்துவிட்டாள். சுவரோரம் ஒதுங்கினாள், அடி விழும் என்று நினைத்தவள்போல.

“உக்காரு,” என்றாள் ரோஸ்லின். அவளும் உட்கார்ந்தாள். “உங்க அப்பா, அண்ணன் கதையைக் கெய்லீன் எனக்குச் சொன்னா. நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“எப்படிச் சொல்றது? உன் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இருக்காரு. எங்க அப்பா செத்த கதையை வந்து சொல்லவா?”

“நேத்து அந்தப் படிக்கிட்ட போனேன். பூட்டித்தான் கெடக்கு. ஆனாலும் முதல் படிய மிதிக்க முடியல. திரும்பி வந்துட்டேன்.” ரோஸ்லின் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அன்னிக்கு நான் எப்படிப் பாய்ஞ்சேன்னே தெரியல. வீட்ல ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க, அந்த நெனப்பே வரல.”

“வராது. யாருக்கும் வராது.”

“உம்மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு, நைரி. ராத்திரி முழிப்பு வந்தா உன் கை என் இடுப்புல இருக்கிற மாதிரியே இருக்கு.”

“இருக்கட்டும்,” என்றாள் நைரி. “கோவம் இருந்துட்டுப் போகட்டும்.”

ரோஸ்லின் அவள் மணிக்கட்டை இழுத்து, தான் கடித்த தழும்பைப் பார்த்தாள். “நல்லா கடிச்சிருக்கேன்,” என்றாள். பிறகு இருவரும் அழுதார்கள். நான் முட்டைத் தட்டுகளை அடுக்கப் போய்விட்டேன்.

குளிர்காலம் தொடங்கும்போது ஒப்பீட்டின் முடிவைச் சொல்ல பிரையனி ஊர் மன்றத்தில் கூட்டம் போட்டாள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்களின் கலக்கம். கிளைவை ரோஸ்லின் கைப்பிடித்து அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

பிரையனி நேராகவே சொன்னாள். இரண்டு பக்கமும் பெரிய சுமை தீவனம்தான். அங்கே அவர்களுக்குக் கரண்ட் ஆற்று நீரிலிருந்து வருகிறது, நமக்கு நிலக்கரியிலிருந்து. அதில் அவர்கள் மேல். ஆனால் அவர்களுடைய சோயாப் புண்ணாக்கு காட்டை வெட்டின பூமியிலிருந்து கப்பலேறி வருகிறது. நமக்குச் சோளமும் கோதுமையும் வேலிக்கு அப்பால் விளைகிறது. அதில் நாம் மேல். அவள் அளந்த பண்ணைகளை வைத்துப் பார்த்தால் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம் இல்லை, பண்ணைக்குப் பண்ணைதான் வித்தியாசம்.

“எங்க பண்ணை?” என்று கிளைவ் கேட்டார். அந்த இரண்டு சொல்லுக்கே அவர் நெற்றி வேர்த்தது.

பிரையனி தயங்கினாள். “முதல் ரெண்டு ஷெட்டும் நல்லா இருக்கு, கிளைவ். மூணாவதோட குழிதான் மொத்தத்தையும் மேல தூக்குது. நாங்க பாத்த எல்லாத்துலயும் அதுதான் மோசம்.”

கிளைவ் சுற்றிலும் தேடி, பின்வரிசையில் இருந்த நைரியைக் கண்டுபிடித்தார்.

“அப்ப... உங்க ஊருகிட்ட... தோத்துட்டோமா?”

“இல்ல,” என்றாள் நைரி. “உருட்டி விட்டு சமம் பண்ணிட்டீங்க.”

கிளைவ் சிரிக்க முயன்றார். வாயின் ஒரு பக்கம் மட்டும் வளைந்தது. ரோஸ்லின்தான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள்.

குழியை அந்த வருஷமே காலி செய்து, வெளியிலிருந்து மூச்சுக்கருவியோடு வந்த ஆட்களை வைத்துக் கழுவி, மண்ணும் கான்கிரீட்டும் கொட்டி மூடினார்கள். ஷெட்டையும் பிரித்தாகிவிட்டது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. மீதி ஷெட்டுகளிலேயே எங்களைப் பிரித்துப் போட்டார்கள். நைரி அடுத்த சுற்று அளவெடுப்புக்கு நியூசிலாந்து போனாள். அங்கேயே ஹாமில்டனில் ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டாள். இப்போதும் பண்ணை பண்ணையாகப் போய்க் காற்றுப் பிடிக்கிறாள். வாசலில் நின்று முதலில் குழி இருக்கிறதா என்று கேட்பாளாம். இருக்கிறது என்று சொன்னால், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று குழாயை வெளியே இழுத்துத் தரும்வரை வண்டியை விட்டு இறங்க மாட்டாளாம்.

போன வாரம் போன் செய்தபோது அப்பாவின் பழைய பண்ணைக்குப் போய் வந்ததாகச் சொன்னாள். இப்போது ஓர் இளம் தம்பதி வாங்கி நடத்துகிறார்கள். குழி இன்னும் அங்கேதான் இருக்கிறது, மேலே கம்பிவேலி போட்டு.

“பக்கத்துல போனியா?” என்று கேட்டேன்.

“வேலி வரைக்கும் போனேன். அந்தப் பையன் நல்லவன், டீ குடுத்தான். நீ உள்ள இறங்குவியான்னு கேட்டேன். ஒரு தடவை இறங்கினேன்னு சொன்னான்.” அவள் குரல் இறங்கிற்று. “கெய்லீன், அவனை உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிட்டு வந்தேன். அவன் பொண்டாட்டியையும் கூப்பிட்டு உக்கார வெச்சேன். அவ மொகம் அப்படியே வெளுத்துப்போச்சு.”

பிறகு அங்கே மழை விடாமல் பெய்கிறது என்றாள். ரோஸ்லினின் மகளுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்ததா என்று கேட்டாள். கிடைத்தது என்றேன்.